என் காதுகளுக்கு ஒரு நிமிட மௌனம்

ஸ்பீக்கர் வாங்கப் போன இடத்துல, என் காது ரெண்டும் காலமாயிடுச்சுன்னு இரங்கல் தீர்மானம் போட்டு, எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினாங்க. நானும் எழுந்து நின்னேன். நம்ம வீட்டுத் துக்கத்துக்கு நாமளே உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?

சிரிக்காதீங்க, நிஜமா நடந்தது. நடத்தினவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 'நுண்செவியர் மாமன்றம்'னு பேரு. தலைவர், செயலாளர், பொருளாளர், அறை ஆய்வுக் குழு, கம்பிப் பராமரிப்புப் பொறுப்பாளர்னு ஆளுக்கொரு பதவி, பதவிக்கொரு கலர்ல சட்டையில குத்திக்க ஒரு பட்டை. அந்த மன்றத்தை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். அதுங்க பொழப்பு அப்படி. மன்னிக்க முடியாத ஆளு எங்க வீட்டுக்காரர்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் தொறக்கறேன்.

நான் தையல் ஆலையில மேற்பார்வை பாத்தவ. ஒரே கூரைக்குக் கீழ அத்தனை மெஷினும் ஒண்ணா ஓடும். ரிட்டையர் ஆனப்புறம் காதுல ஒரு ரீங்காரம் விடாம இருக்கேன்னு டாக்டர்கிட்டப் போனேன். அவர் பாத்துட்டு, "மெஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடுச்சும்மா"ன்னார். "பேச்சு ரொம்ப நாளைக்குக் கேக்கும். மெல்லிசா, மேல ஒலிக்கிற சத்தங்கள்தான் மொதல்ல போகும். புல்லாங்குழல், குருவிச் சத்தம், இந்த மாதிரி. எப்பன்னு சொல்ல முடியாது. இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இல்லாமலும் போகலாம்."

அந்த மனுஷன் போயும் போயும் புல்லாங்குழலைச் சொல்லியிருக்க வேணாம். எனக்கு அதுன்னா உசுரு. ஆனா வாழ்க்கையில ஒரு தடவகூட நிம்மதியா உக்காந்து கேட்டதில்ல. மெஷினுக்கு நடுவுல, பஸ்ஸுக்கு நடுவுல, கொழந்தை அழுகைக்கு நடுவுலன்னு எப்பவும் எதுக்காவது நடுவுலதான் கேட்டிருக்கேன். அப்புறம் கேட்டுக்கலாம், அப்புறம் கேட்டுக்கலாம்னு தள்ளிப்போட்டு, கடைசியில அப்புறமே இல்லன்னு ஆயிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து விட்டு விட்டு அழுதேன்.

எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு நல்ல மனுஷனாத்தான் இருந்தார். அதைச் சொல்லாம விட்டா பாவம். பக்கத்துல உக்காந்து, "அழாத. மக ரூம் அவ கல்யாணம் ஆகிப் போனதுலேருந்து சும்மாத்தானே கெடக்கு. இருக்கறதுலயே ஒசத்தியா ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி அங்க வைப்போம். போறதுக்கு முன்னாடி ஆசைதீரக் கேளு. நானும் கூட உக்காந்து கேக்கறேன்"னார். எனக்கு மனசு குளுந்துபோச்சு. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டேன். "ஏங்க, இந்த விஷயம் காதும் காதும் வச்ச மாதிரி இருக்கட்டும். மககிட்டகூட இப்ப சொல்லவேணாம். நாலு பேர் பாவப்பட்டுப் பாக்கறதை என்னால தாங்கமுடியாது." தலையில அடிச்சு சத்தியம் பண்ணாத குறையா, சரின்னார்.

அவர் லிப்ட் கம்பெனியில பரிசோதகரா இருந்து ரிட்டையர் ஆனவர். லிப்ட் கெளம்பற சத்தத்தை வெச்சே கோளாறு எந்தப் பக்கம்னு சொல்லிடுவேன்னு ஒரு பெருமை. எங்க போனாலும் படியேற மாட்டார். லிப்ட்ல ஏறி, கண்ணை மூடிக்கிட்டு, "பேரிங் போயிடுச்சு"ம்பார். கூட நிக்கறவங்க பயந்துபோய் அடுத்த மாடியிலயே எறங்கிடுவாங்க. அப்பேர்ப்பட்ட காது.

சரி, ஸ்பீக்கர் கடைக்குப் போனோம். கடைக்காரர் கையில வெள்ளைக் கையுறை. உள்ள ரெண்டே ரெண்டு ஜோடிதான். ஒரு ஜோடி பீரோ ஒசரம், கறுப்பா, பளபளன்னு. இன்னொண்ணு சின்னப் பொட்டி, கல்தூண் மேல உக்காந்திருந்துச்சு. நான் மனசுக்குள்ள ஒண்ணுக்குப் பெரியவர்னும் ஒண்ணுக்குச் சின்னவர்னும் பேரு வெச்சுக்கிட்டேன்.

"ரெண்டுலயும் ஒரு புல்லாங்குழல் போடுங்க, கேட்டுப் பாத்துட்டு எடுத்துக்கறோம்"னேன்.

கடைக்காரர் கையுறையைச் சரிபண்ணிக்கிட்டார். "போடறதா? அம்மா, இது போட்டுப் பாக்கற பொருள் இல்ல."

"செருப்பையே போட்டுப் பாத்துத்தானே வாங்கறோம்?"

"இது வாங்கறதும் இல்லம்மா. நாங்க விக்கறதில்ல. தத்துக் குடுக்கறோம்." குரலைத் தாழ்த்தினார். "தத்து எடுக்கற வீடு தகுந்த வீடான்னு மாமன்றம் வந்து பாக்கணும். எந்த ஜோடி உங்களுக்குப் பொருந்தும்னு அவங்கதான் தீர்ப்புச் சொல்வாங்க. அதுவரைக்கும் நான் தொட்டுக்கூடக் காட்டமுடியாது."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமாம். நான் கெளம்பலாம்னு இவர் கையை இழுத்தேன். இவர் நகரல. "மாமன்றத்துல சேர என்ன தகுதி வேணும்?"னு கேட்டுக்கிட்டிருந்தார். கடைக்காரர் இவரை மேலயும் கீழயும் பாத்துட்டு, "உங்க காதைப் பாத்தாலே தெரியுது சார்"னார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அந்த எடத்துலயே என் கையை விட்டுட்டார்.

ஒரு வாரம் கழிச்சு அறை ஆய்வுக் குழு வந்துச்சு. மூணு பேரு. வந்ததும் வராததுமா செருப்பைக் கழட்டி, மக ரூமுக்குள்ள போய், ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரா கை தட்டினாங்க. ஏதோ நல்லா இருக்குன்னு பாராட்டறாங்களோன்னு நான் காபி போடப் போயிட்டேன்; எதிரொலி பாக்கற வழியாம் அது. திரும்பி வந்து பாத்தா கட்டில் வெளிய கெடக்கு, பீரோ வெளிய கெடக்கு, மக சின்ன வயசு போட்டோ அத்தனையும் கழட்டித் தரையில அடுக்கியிருக்காங்க.

"கண்ணாடி ஒலியைத் திருப்பி எறியும்"னார் குழுத் தலைவர். "உங்கள் மகளின் சிரிப்பு முகம் நடு அலைவரிசையைக் கெடுக்கிறது."

சுவர்க் கடிகாரம் போச்சு. ஜன்னல் துணி போச்சு. வெறும் ரூம் நடுவுல சாக்பீஸால ஒரு குறி போட்டு, ஒரே ஒரு நாற்காலியை அங்க வெச்சாங்க. நான் இன்னொரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தேன். மூணு பேரும் என்னமோ நான் மாட்டை ஓட்டிட்டு வந்த மாதிரி பதறினாங்க.

"அம்மா, ஒலி ஒரே புள்ளியில்தான் கூடும். அந்தப் புள்ளியில் ஒரே செவியர்தான் அமரலாம். மேலும், பக்கத்தில் ஓர் உடல் இருந்தால், அந்த உடலும் அதன் உடுப்பும் ஒலியைக் குடித்துவிடும்."

"குடிச்சா குடிக்கட்டுமே. அதுக்குத்தானே வாங்கறோம்?"

அவங்க என்கிட்டப் பேசறதை நிறுத்திட்டு இவரைப் பாத்தாங்க. இவர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "இந்தாம்மா, மொதல்ல நான் உக்காந்து எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடறேன். நீ வாசப்படிகிட்ட ஒரு ஸ்டூல் போட்டுக்க. அங்கயும் கேக்கும்"னார்.

யாருக்காக ரூம்? யாருக்குக் காது போகுது? கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வெளி ஆளுங்க முன்னாடி வேணாம்னு முழுங்கிட்டேன். முழுங்கியே பழகிட்டோம் பாருங்க, அதுதான் தப்பு.

அதுக்கப்புறம் இவருக்கு 'இளஞ்செவியர்' பட்டம் குடுக்கற சடங்கு. அதுக்கு முன்னால செவித் தூய்மை நோன்பு. நாள் முழுக்க வீட்ல ஒரு சத்தம் வரக்கூடாது. மிக்ஸி கூடாது, குக்கர் விசில் கூடாது, குழாயைத் தொறந்தா தண்ணி துணி மேலதான் விழணும். இவர் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தார். நான் வெங்காயத்தைக்கூட நறுக்காம, பிச்சுப் போட்டுச் சமைச்சேன். சாயங்காலம் மக போன் பண்ணினா. இவர் அந்தப் போனைத் தலகாணிக்கு அடியில வெச்சு அமுக்கிட்டார். 'ஏன்மா எடுக்கல'ன்னு அவ மறுநாள் கேட்டப்ப, 'அப்பாவோட காதைக் கழுவிக்கிட்டிருந்தோம்'னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது.

இவ்வளவையும் பொறுத்துக்கிட்டேன்னா காரணம் ஒண்ணுதான். தினமும் காலையில எழுந்ததும் ஜன்னல்கிட்டப் போய் நின்னு குருவிச் சத்தம் கேக்குதான்னு பாப்பேன். கேட்டுச்சுன்னா அன்னிக்குப் பொழுது நல்ல பொழுது. போறதுக்குள்ள அந்த ரூம் தயாராகணும், எப்படியாவது, யார் கால்லயாவது விழுந்தாவது.

தீர்ப்பு நாள் வந்துச்சு. மன்றத்தோட கூடம் பெருசு. ஜன்னல் எல்லாத்துக்கும் கறுப்புத் துணி. முன்னால மேடை மேல பெரியவரும் சின்னவரும் நிக்கறாங்க, நடுவுல இசைத்தட்டு ஓட்டற மெஷின், அதுல வெளக்கு எரியுது. முதுசெவியருங்க முன் வரிசையில. அப்புறம் நடுச்செவியருங்க. அப்புறம் இளஞ்செவியருங்க, அதுல எங்க வீட்டுக்காரர். எனக்குக் கடைசியில, இவருக்கு நேர் பின்னாடி ஒரு முக்காலி. எனக்கு முன்னால முழுக்கத் தலையாத்தான் தெரிஞ்சுது.

மொதல்ல கம்பிப் பொறுப்பாளர் எழுந்தார். மன்றத்துல அவருக்குக் கம்பியார்னு செல்லப்பேரு. மெஷின்லேருந்து ஸ்பீக்கருக்குப் போற வயரைக் கழட்டி, அதோட நுனியை மெல்லிசு துணியால தொடச்சு, சின்னச் சின்ன மரக்கட்டை மேல படுக்கவெச்சார். "தரையில் பட்டால் கம்பிக்குத் தரையின் நினைவு வந்துவிடும்"னு விளக்கம் வேற. "சற்று இளைப்பாறட்டும்."

அடுத்தது தலைவர். ஒசரமான ஆளு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் பேசுவார்.

"நுண்செவியர்களே! சாமானியர்கள் இசையைக் கேட்கிறார்கள். நாம் ஒலிபெருக்கியைக் கேட்கிறோம். இசை என்பது நமக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் வரும் ஓர் இடையூறு. தவிர்க்க முடியாததால் அதைச் சகித்துக்கொள்கிறோம். உரக்க வைத்தால் எந்தப் பெட்டியும் பாடும். ஆகவே இன்று மிக மிக மெல்லிய அளவில் ஒரு புல்லாங்குழல். கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்கும்."

கைதட்டல் கெடையாது, அது காதுக்குக் கெடுதலாம். எல்லாரும் விரலை மட்டும் ஆட்டினாங்க.

செயலாளர் மெஷின்ல ஒரு பொத்தானை அமுக்கினார். தட்டு சுத்த ஆரம்பிச்சுது. மொதல்ல பெரியவர்.

நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். ஒண்ணும் வரல. மெல்லிசுன்னு சொன்னாங்களே, இன்னும் உன்னிப்பாக் கேக்கணும்போலன்னு கழுத்தை நீட்டினேன். பக்கத்து ஆள் நாற்காலி கிறீச்சுன்னுச்சு, அது கேட்டுச்சு. முன்னாடி ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார், அதுவும் கேட்டுச்சு. புல்லாங்குழல் மட்டும் இல்ல. முன்னால பாத்தா அத்தனை தலையும் மெதுவா ஆடிக்கிட்டிருக்கு. சில பேர் விரல்ல தாளம் போடறாங்க.

டாக்டர் சொன்னது இதுதான். பேச்சு இருக்கும், மெல்லிசு போயிடும், இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. போயிடுச்சு. நான் ஒரு பாட்டைக்கூட முழுசாக் கேக்கறதுக்குள்ள, ரூம் தயாராகறதுக்குள்ள, இந்த முக்காலி மேல உக்காந்திருக்கும்போதே போயிடுச்சு.

கை நடுங்க, முன்னால இருந்த இவர் தோளைத் தொட்டேன். காதுகிட்டக் குனிஞ்சு, "ஏங்க, உங்களுக்குக் கேக்குதா?"ன்னேன்.

இவர் கண்ணைத் தொறந்தார். முன் வரிசையைப் பாத்தார். அங்க தலைவர் தலை ஆடிக்கிட்டிருந்துச்சு. திரும்ப மூடிக்கிட்டு, ரொம்ப ரசிக்கற மாதிரி தலையை ஆட்டினார். கண்ணோரத்துல தண்ணி வேற. அப்புறம் தோள் மேல இருந்த என் கையை ரெண்டு தட்டுத் தட்டினார், எழவு வீட்ல தட்டுவாங்களே, அப்படி.

கம்பியார் எழுந்து பெரியவர்கிட்ட இருந்த வயர் முனையை எடுத்து, குழந்தையை மாத்தற மாதிரி சின்னவர்கிட்ட மாத்தினார். மறுபடி தட்டு சுத்துச்சு. மறுபடி எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தத் தடவ நான் யாரையும் எதுவும் கேக்கல. வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.

முடிஞ்சதும் கருத்துரை. செயலாளர் எழுந்தார். "பெரியவற்றில் குழல் வாசிப்பவரின் மூச்சுக் காற்று என் கன்னத்தில் பட்டது. சிறியவற்றிலோ அவர் அன்று காலை பல் துலக்கவில்லை என்பது மட்டுமே புலப்பட்டது."

பொருளாளர் விடுவாரா? "பெரியவற்றில் அவர் மோதிரம் அணிந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது."

"வெள்ளி மோதிரம்"னார் அறை ஆய்வுக் குழுத் தலைவர்.

"வெள்ளி முலாம்"னார் இன்னொரு முதுசெவியர். கூடமே அவரைத் திரும்பிப் பாத்துச்சு. தலைவர் தன் பட்டையைக் கழட்டி அவருக்குக் குடுத்துடுவாரோன்னு இருந்துச்சு.

அப்புறம் எங்க வீட்டுக்காரரைக் கன்னிப் பேச்சுப் பேசச் சொன்னாங்க. எழுந்தார். வாழ்நாள்ல மேடையே ஏறாத மனுஷன், சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு ஆரம்பிச்சார்.

"பெரியோர்களே! குழலின் கீழ்ச்சுரம் ஒரு பழுதற்ற மின்தூக்கியைப் போல் இறங்கியது." விரல்கள் ஆடின. அதுல போதை ஏறிடுச்சு இவருக்கு. "ஆனால் இந்த இன்பத்தின் நடுவே எனக்கொரு துன்பம். நான் கண்ணீர் விட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதோ பின்னால் அமர்ந்திருக்கும் என் மனைவிக்கு, இந்தக் குழல் கேட்கவில்லை. அவளுடைய செவிகள் அழிந்துகொண்டிருப்பதாக மருத்துவர் கூறிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றாள். இந்தச் சபையில் மறைக்க என் மனம் ஒப்பவில்லை. அவளுக்கும் சேர்த்து இனி நான் ஒருவனே கேட்பேன்!"

அத்தனை தலையும் திரும்பிப் பாத்துச்சு. எந்தப் பார்வைக்குப் பயந்து பெத்த மககிட்டகூட மறைச்சேனோ, அந்தப் பார்வை, கூடம் நெறைய. பூமி பொளந்து என்னை உள்ள இழுத்துக்காதான்னு இருந்துச்சு. இவர் மட்டும் உக்காரும்போது ஒரு முதுசெவியர் கையை நீட்ட, குலுக்கிக்கிட்டார்.

தலைவர் நெகிழ்ந்துபோயிட்டார். அங்கேயே தீர்மானம். செயலாளர் எழுந்து வாசிச்சார்: "நமது இளஞ்செவியரின் துணைவியாருடைய இரு செவிகளும் இன்று, இம்மன்றத்தில், புல்லாங்குழல் இசையின்போது இயற்கை எய்தியமைக்கு இப்பேரவை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது. ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எல்லாரும் எழுந்தாங்க. நானும் எழுந்தேன். அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சாங்க.

தலை எல்லாம் குனிஞ்சதும் எனக்கு மொதல் தடவையா மேடை முழுசாத் தெரிஞ்சுது. சின்னவர் முதுகுலேருந்து வயர் கெளம்பி, ஒரு மரக்கட்டை, ரெண்டாவது மரக்கட்டை, மூணாவது மரக்கட்டைன்னு வரிசையா வந்து, கடைசிக் கட்டை மேல நுனி அம்போன்னு படுத்திருந்துச்சு. அதுக்கு ஒரு முழம் தள்ளி மெஷின். மெஷினுக்கும் வயருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

நான் பாத்தேன். கண்ணைத் தொடச்சுக்கிட்டு மறுபடி பாத்தேன்.

"கம்பியாரே"ன்னேன். மௌனத்துல அது பட்டாசு மாதிரி கேட்டுச்சு. "அந்த வயரைக் கழட்டித் தொடச்சீங்களே. திருப்பி மெஷின்ல சொருகவே இல்லையே?"

கம்பியார் எட்டிப் பாத்தார். மூஞ்சி சுண்டிப்போச்சு. "இளைப்பாறட்டும் என்று விட்டேன்..."

மோதிரம் பாத்தவர் மேல்கூரையைப் பாத்தார். முலாம் பாத்தவர் மூக்குக்கண்ணாடியைத் தொடச்சார். கடைசியில தலைவர் கண்ணைத் தொறந்தார், அன்னிக்கு மொதல் தடவையா.

"அம்மையாரே, முப்பெரும் வரிசைச் செவியர்கள் ஒருமனதாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கம்பி இணைந்திருந்ததா இல்லையா என்பது தொழில்நுட்பச் சிறுசெய்தி. மன்றத்தின் செவி கம்பியை நம்பி இல்லை. பெரியதே சிறந்தது என்ற தீர்ப்பு குறிப்பில் ஏறிவிட்டது."

"சரி, உங்க தீர்ப்பை நீங்களே வெச்சுக்கங்க. இப்ப அந்த வயரைச் சொருகி ஒரே ஒரு தடவ போடுங்க. எனக்குக் கேக்குதான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"ஒரே நாளில் மறுமுறை ஒலிக்கச் செய்தால் ஒலிபெருக்கி சோர்ந்துவிடும்."

"ஐயா, அது இன்னும் ஒரு தடவகூட ஒலிக்கலையே!"

"அது உங்கள் கருத்து."

"அப்ப இரங்கல் தீர்மானத்தையாவது திரும்ப வாங்கிக்கங்க. என் காது நல்லாத்தான் இருக்கு. அத்தனை பேர்ல என் காது மட்டும்தான் நல்லா இருக்கு."

தலைவர் செயலாளரைப் பாத்தார். செயலாளர் விதியைச் சொன்னார்: "இரங்கல் தீர்மானத்தைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. மறைந்தவர் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்ததாக முன்னுதாரணமும் இல்லை."

இதுக்கு மேல அதுங்ககிட்டப் பேசறது கல்லுல நார் உரிக்கற வேலை. நான் திரும்பி எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவர் தன் செருப்பு நுனியைப் பாத்துக்கிட்டிருந்தார்.

வெளிய வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். எனக்குள்ள ஒரு பக்கம் காது போகலைங்கற சந்தோஷம். அதைப் பங்குபோட ஆள் இல்ல. பெஞ்சுல உக்காந்ததும் கேட்டேன்.

"உங்களுக்கும்தானே ஒண்ணும் கேக்கல?"

"மொதல்ல கேக்கல."

"மொதல்லயா?"

"அப்புறம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"கேக்கல"ன்னார்.

"நான் தோளைத் தொட்டுக் கேட்டேனே. கை நடுங்குச்சே, தெரிஞ்சுதுல்ல? 'எனக்கும் கேக்கலம்மா'ன்னு ரெண்டு வார்த்தை. அதுகூட வேணாம், இல்லன்னு தலையை ஆட்டியிருந்தாப் போதும்."

"அத்தனை பேரும் ரசிக்கறாங்க. நான் மட்டும் கேக்கலன்னா என்ன ஆகும்? என்னைச் செவிடன்னு நெனச்சிருப்பாங்களே!" இவருக்கு நெஜமாவே அது நியாயமாப் பட்டிருக்கு, மூஞ்சியிலயே தெரிஞ்சுது. என் சமாதானத்துக்குன்னு இன்னொண்ணும் சேத்துக்கிட்டார். "உனக்கு எப்படியும் போகப்போறதுதானேம்மா."

அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது. எப்படியும் போகப்போறதுதானாம். அதனால முன்கூட்டியே நான் செவிடி ஆயிட்டா இவர் செவிடன் ஆகவேண்டியதில்லையாம். இத்தனை வருஷம் இந்த ஆளோட ஒரே வீட்ல இருந்திருக்கேன். பஸ் வந்துச்சு. நான் ஏறி முன்னால உக்காந்தேன். இவர் பின்னால எங்கயோ நின்னுக்கிட்டு வந்தார்.

மறுநாளே சேதி ஊர் பூரா பரவிடுச்சு. காய்கறிக் கடைக்காரர் என்னைப் பாத்ததும் தராசைத் தூக்கிப்புடிச்சு, "தக்காளி வேணுமாம்மா, தக்காளிஇஇ"ன்னு கத்தினார். எதிர்வீட்டு அம்மா கையைக் காலை ஆட்டி ஜாடையிலேயே நலம் விசாரிச்சா. மக போன் பண்ணி ஒரே அழுகை: "ஏன்மா எனக்குச் சொல்லல? மன்றத்துலேருந்து உங்க மாப்பிள்ளைக்கு இரங்கல் செய்தி வந்திருக்கு." அவளைச் சமாதானப்படுத்தறதுக்குள்ள எனக்குத் தொண்டை தண்ணி வத்திடுச்சு.

பெரியவர் ஜோடி வீட்டுக்கு வந்து சேந்துச்சு. வேணாம்னேன், தத்து எடுத்தாச்சு, திருப்பிக் குடுத்தா பாவம்னுட்டார். வயர் இல்லாமலே கேட்ட அருமைக்காக இவரை நடுச்செவியராவும் ஒசத்திட்டாங்க. தினமும் அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறார். உள்ள பாட்டு ஓடுதா, சும்மா உக்காந்திருக்காரான்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமான்னும் தெரியாது. "நீ வந்து உக்காரு, நான் எழுந்துக்கறேன்"னு ஒரு தடவ கூப்பிட்டார். எனக்குக் கால் போகல. அந்த ரூமுல எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல.

போன வாரம் காது டெஸ்டுக்கு மறுபடி போகவேண்டியிருந்துச்சு. கூட வர்றேன்னு பின்னாடியே வந்தார். என் பையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டுப் பக்கத்து நாற்காலியில உக்காந்தார். காத்திருக்கற எடத்துல நல்ல கூட்டம். என் முறை வந்ததும் உள்ளேருந்து ஒரு பொண்ணு எட்டிப் பாத்தா.

"கூட யாராச்சும் வந்திருக்காங்களாம்மா? டாக்டர் சொல்றதுல உங்களுக்கு ஏதாவது விட்டுப்போனா, கேட்டுச் சொல்ல ஒருத்தர் உள்ள வரணும்."

இவர் எழுந்தார்.

"யாரும் வரலம்மா"ன்னேன்.

அந்தப் பொண்ணு இவரைப் பாத்தா. "அப்ப இந்த சார்?"

"அவர் வேணாம்மா. கேக்கலன்னாலும் கேட்டுச்சும்பார்."

மெதுவாத்தான் சொன்னேன். ஆனா அங்க வந்திருந்த அத்தனை காது நோயாளிக்கும் கேட்டிருக்கு. எல்லாரும் இவரைத் திரும்பிப் பாத்தாங்க. இவர் நின்னது நின்னபடியே பையை என்கிட்ட நீட்டினார். நான் வாங்கிக்கிட்டு உள்ள போனேன்.